பழைய இங்கிலாந்து மரச்சட்ட வீடு: அடிக்கட்டையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட காட்டேஜைப் பார்க்கப் போகிறவர்கள் வளைந்த கூரையையும் கோணல் சன்னலையும் கண்டு மயங்குவார்கள்; இல்லாவிட்டால் மிரளுவார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. சாய வேண்டியது பெரும்பாலும் எப்போதோ சாய்ந்து நின்றுவிட்டது. குனிந்து பார்க்க வேண்டியது சுவரின் அடியைத்தான். மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, சுவரில் என்ன பூசியிருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால், செலவு எந்தப் பக்கம் வரும் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

இந்த வீடுகளில் பாரம் தாங்குவது மரச்சட்டகம். முதலில் கல்லோ செங்கல்லோ அடுக்கிய குட்டைச் சுவர். அதன் மேல் படுக்கையாக அடிக்கட்டை. அதில் ஊன்றிய தூண்கள். தூண்களின் தலைகளை நீளவாக்கில் கோக்கும் மேல்சட்டம். எதிரெதிர்ச் சுவர்களைக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் விட்டம். அதற்கு மேல் கைமரங்கள். தூண்களுக்கு நடுவே குத்துக்கால்களும் குறுக்குச் சட்டங்களும், மூலைகளில் சாய்வு முட்டுகளும் இருக்கும். ஒரு விட்டத்திலிருந்து அடுத்த விட்டம் வரையுள்ள பகுதியை 'பே' என்கிறார்கள். சிறிய காட்டேஜ் என்றால் இரண்டு அல்லது மூன்று பே. இது பெட்டிச் சட்டக முறை. சஃபோக், எசெக்ஸ், கென்ட், சசெக்ஸ் பக்கம் முழுக்க இதுதான். ஹெரிஃபோர்ட்ஷர், ஷ்ராப்ஷர், வேல்ஸ் எல்லை என்று மேற்கே போனால் வேறொரு முறையும் தென்படும். இயற்கையாக வளைந்த ஓக் மரத்தை இரண்டாகப் பிளந்து, தரையிலிருந்து கூரை முகடு வரை எதிரெதிராகச் சாய்த்து நிறுத்திய 'க்ரக்' சட்டகம் அது. ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அருகே ஷாட்டரியில் உள்ள ஆன் ஹாதவே வீட்டின் மிகப் பழைய பகுதியில் இதைக் காணலாம்.

பெட்டிச் சட்டகத்தின் சூட்சுமம் தூணின் தலையில் இருக்கிறது. தச்சர்கள் மரத்தைத் தலைகீழாகத் திருப்பி, வேர்ப்பக்கம் மேலே வரும்படி தூணாக்கினார்கள். வேர்ப்பக்கம் இயல்பாகவே பருத்திருப்பதால் தூணின் தலை ஒரு பக்கம் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு கிடைத்தால்தான் ஒரே தலையில் இரண்டு கழுந்துகள் (துளைக்குள் நுழையும் நாக்குகள்) செதுக்க முடியும். ஒன்று மேல்சட்டத்தின் அடியிலுள்ள துளைக்குள் போகும். மற்றொன்று அதற்குச் செங்குத்தான திசையில் விட்டத்தின் அடிக்குள் போகும். விட்டம் மேல்சட்டத்தின் மீது புறாவின் வால்போல் விரிந்த வெட்டோடு உட்கார்ந்து, இரண்டையும் பூட்டிவிடும். கைமரங்கள் சுவரை வெளியே தள்ளும் விசையை இந்த ஒரு மூட்டுதான் தடுத்து நிறுத்துகிறது.

கெடுவதும் இங்கேதான். ஓக் சுருங்கும்போது அந்த வால் வெட்டு தளரும். கூரையின் தாழ்வாரத்தில் ஒழுகினால் தண்ணீர் நேராக இந்தத் தலைக்குள் இறங்கும். அதைவிடப் பெரிய கேடு மனிதர் கை செய்தது. மாடி அறைகளில் விட்டம் இடுப்பு உயரத்திலோ நெஞ்சு உயரத்திலோ குறுக்கே ஓடும். ஒரு அறையிலிருந்து மற்றதற்குப் போக வழி வேண்டுமென்று யாராவது அதை நடுவில் அறுத்து எடுத்திருப்பார்கள். அறுத்த நாளில் எதுவும் நடக்காது. மேல்சட்டம் பல பத்தாண்டுகளில் மெல்ல வெளிப்பக்கம் உருளும். மாடிச் சுவருக்கும் உட்கூரைக்கும் இடையில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தால், முதலில் விட்டம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்த விட்டத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையோ இழுகம்பியோ போட்டு, சுவர் நிற்கும் இடத்திலேயே நிறுத்துவதுதான் சரி. பழைய நிலைக்கு இழுக்கப் பார்த்தால் நன்றாக இருக்கும் மற்ற மூட்டுகள் வெடிக்கும்.

ஓக் மரத்தைக் காயவைத்து வேலை செய்ததில்லை. வெட்டிய ஈரத்தோடேயே செதுக்கிக் கோத்தார்கள்; காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. ஆகவே சட்டகம் எழுந்து நின்ற பிறகுதான் காயத் தொடங்கும். நீளத்தில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை. குறுக்கே உண்டு, அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே போகும் திசையைப் போல் சுமார் இரு மடங்கு சுருங்கும். முழு மரத்தைச் சதுரமாக்கிய தூணில் நீளவாட்டில் ஆழமான பிளவு விழுவது இதனால்தான். விரல் நுழையும் அளவு இருந்தாலும் அது பழுதல்ல; அதில் மக்கு அடைக்க வேண்டாம், மழைநீர் உள்ளே சிறைப்படும். கவலைப்பட வேண்டியது இழைக்குக் குறுக்காகச் சாய்ந்து ஓரம்வரை போய் வெளியேறும் பிளவுக்கும், கழுந்தின் அடியில் முறிவுக்கும், அறுந்த மர ஆணிக்கும்தான்.

மர ஆணி அடிக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்திலுள்ள ஓட்டையைத் துளைச் சுவரிலுள்ள ஓட்டைக்கு நேராகப் போட மாட்டார்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தோள்பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் பக்கமாக, தள்ளிப் போடுவார்கள். காய்ந்த ஓக்கைப் பிளந்து கூராக்கிய ஆணியை அடிக்கும்போது அது லேசாக வளைந்து மூட்டை இறுக இழுத்துக்கொள்ளும். பசையும் இல்லை, இரும்பும் இல்லை. இன்றைக்குப் பழுதுபார்க்கும்போது சாதாரண இரும்பு போல்ட் போட்டால் ஓக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதை அரிக்கும். மரத்தில் கருநீலக் கறையும் படியும். துருப்பிடிக்காத எஃகையே கேட்டு வாங்குங்கள்.

சட்டகத்தில் காலியாக இருக்கும் ஓட்டைகளைப் படிக்கப் பழகிக்கொள்வது பெரிய உதவி. குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வரிசையாக வட்டத் துளைகள் இருந்து, கீழுள்ள சட்டத்தின் மேல்பக்கத்தில் நீளக் காடியும் (பள்ளமும்) இருந்தால், அங்கே வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர் இருந்தது. துளையும் காடியும் இல்லாத இடைவெளியாக இருந்தால் அது பழைய வாசலாக இருந்திருக்கலாம். வைர வடிவத்தில், மூலை முன்னோக்கிய சதுரத் துளைகள் சிலவும் பக்கத்தில் பலகை நகர ஒரு காடியும் இருந்தால், அது கண்ணாடிக்கு முந்தைய காலத்துச் சன்னல். குச்சிகளும் நகர்த்தும் மரக்கதவும் மட்டும் இருந்தவை. தூணில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் தெரிந்து மரம் எதுவும் சேரவில்லையென்றால் ஒரு முட்டு காணாமல் போயிருக்கிறது. அந்த மூலை ஏன் சாய்ந்தது என்பதற்கு அதுவே பதில்.

மூட்டுகளின் அருகில் உளியால் கீறிய எண்கள் கிடைக்கும். தச்சர்கள் சட்டகத்தைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண்ணிட்டுப் பிரித்து, வண்டியில் ஏற்றி வந்து நிறுத்தினார்கள். எண்கள் ரோமன் முறையில் இருக்கும். நாலுக்கு IV என்று போடாமல் IIII என்று நாலு கோடுகளைப் போட்டிருப்பார்கள். மரத்தைத் திருப்பிப் பிடித்தாலும் குழப்பம் வராது. வரிசை திடீரென்று தாண்டினால் நடுவில் ஒரு பகுதி இடிக்கப்பட்டிருக்கிறது அல்லது மரம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. வேறு இடம் என்றால் இன்னொரு வீடு. விற்பனை முகவர்கள் சொல்லும் 'பழைய கப்பல் மரம்' கதைக்கு, அதுவும் கடலிலிருந்து வெகுதூரம் உள்ள ஊர்களில், ஆதாரம் கிடைப்பது மிக அரிது.

கூரைக்குள் ஏறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கைமரங்கள் புகையால் கரிந்து மினுங்கினால், வீடு புகைபோக்கி இல்லாத காலத்தது. நடுக்கூடத்தின் தரையில் திறந்த நெருப்பு எரிந்து, புகை கூரை வழியே கசிந்து போனது. கென்ட்டின் சிடிங்ஸ்டோனில் இருந்து, நீர்த்தேக்கம் வருவதால் பிரித்தெடுக்கப்பட்டு, இப்போது சசெக்ஸின் சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் பேலீஃப் பண்ணைவீடு 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. அந்தக் கூடத்தில் தலையை நிமிர்த்தினால் முகடு வரை வெறும் வெளி. பெரும்பாலான வீடுகளில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் புகைபோக்கி கட்டி, கூடத்துக்கு நடுவே மாடித்தளம் செருகினார்கள். செருகிய தளத்தின் கட்டைகள் பழைய தூணில் அரைகுறையாகத் தொங்குவதும் உண்டு. மாடி தளம்பினால் அங்கே பாருங்கள். கட்டை கிடக்கும் விதமும் காலத்தைச் சொல்லும். இடைக்காலத்தவர் தளக்கட்டையைப் பட்டையாகப் படுக்கவைத்தார்கள். பிற்காலத்தவர்தான் விளிம்பில் நிறுத்தினார்கள்.

துல்லியமான ஆண்டு வேண்டுமானால் மரவளைய ஆய்வு இருக்கிறது. பென்சில் கனத்தில் உருளையாக மரத்தைக் குடைந்தெடுத்து வளையங்களை ஒப்பிடுவார்கள். பட்டை ஓரம் தப்பியிருந்தால் வெட்டிய ஆண்டே தெரியும். இல்லாவிட்டால், தெற்கு இங்கிலாந்து ஓக்கில் வெளிறு (பட்டையை ஒட்டிய மென்மரம்) பெரும்பாலும் 9 முதல் 41 வளையங்கள் என்ற கணக்கை வைத்து ஒரு கால இடைவெளிதான் கிடைக்கும்.

இனிச் சுவர். சட்டங்களுக்கு இடையே நிற்கும் சுவர் பாரம் தாங்குவதில்லை. காற்றையும் மழையையும் தடுப்பது மட்டுமே அதன் வேலை. மேல் துளையில் ஓக் குச்சியின் கூர்முனையைச் செருகி, கீழ்முனையைக் காடியில் தள்ளி நிமிர்த்துவார்கள். அந்தக் குச்சிகளுக்கு முன்னும் பின்னுமாக விரல் கனத்து ஹேசல் கிளைகளைப் பின்னுவார்கள். களிப்பான அடிமண், மாட்டுச்சாணம், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் மிதித்துக் குழைத்து அப்புவார்கள். அப்பும்போது உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் ஒரே இடத்தில் எதிரெதிராக அழுத்த வேண்டும். அப்போதுதான் இரு பக்க மண்ணும் பின்னலின் இடுக்கில் சந்தித்துப் பிடித்துக்கொள்ளும். ஒருவரே இரண்டு பக்கமும் மாறி மாறி அப்பினால் ஒரு பக்கம் அப்படியே உரிந்து விழும்.

முதலில் ஒரு சிறு சட்டத்தில் சோதனையாக அப்பிக் காயவிடுங்கள். பாளம் பாளமாக வெடித்தால் களி அதிகம், மணலும் வைக்கோலும் சேர்க்க வேண்டும். உதிர்ந்தால் களி போதவில்லை. சரியான கலவையும் காயும்போது ஓரத்தில் மரத்தை விட்டுச் சற்று விலகும். நன்றாகக் காய்ந்த பிறகு அந்த இடுக்கில் மட்டும் மறுபடி மண்ணோ முடி கலந்த சுண்ணாம்புக் கலவையோ அழுத்தி அடைப்பார்கள். இந்த இடுக்கில்தான் இன்று எல்லோரும் சிலிக்கோன் பசையை ஏற்றுகிறார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் அசையும்போது சிலிக்கோன் ஒரு பக்கம் விடும். அந்தக் கோட்டில் மழை இறங்கும், ஆனால் ஆவியாக வழியிருக்காது. இரண்டு மூன்று குளிர்காலத்தில் கீழ்ச்சட்டத்தின் மேல்முகம் பஞ்சாகிவிடும்.

சிமெண்ட் பூச்சும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். சட்டகத்தின் மேல் கம்பிவலை அடித்துச் சிமெண்ட் பூசிய வீடுகள் 20ஆம் நூற்றாண்டில் ஏராளம். வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். சட்டகம் அசைய, பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழும். மழை அந்த இழைவழியே உறிஞ்சப்பட்டு உள்ளே போய் அடிக்கட்டையில் தேங்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: டொக்டொக்கென்று வெறுமையாக ஒலித்தால் பூச்சு மண்ணை விட்டுப் பிரிந்து நிற்கிறது. எடுக்கும்போது மின்சுத்தியல் வேண்டாம். அந்த அதிர்வில் நல்ல மண்சுவரும் விழும். உள்பக்கம் பலகை முட்டுக் கொடுத்துவிட்டு, கை உளியால் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். மண்ணோடு இறுகப் பிடித்திருக்கும் திட்டை உடனே பெயர்க்காமல் சுற்றியுள்ளதை முதலில் எடுங்கள்.

மாற்றாகப் பூசுவது நீற்றிய சுண்ணாம்பும் கூர்மணலும், ஒன்றுக்கு மூன்று, ஆட்டுமுடி சேர்த்து. மெல்லிய பூச்சாக மூன்று தடவை. ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் தொடவே வேண்டாம். உறைபனி பட்டால் பூச்சு மாவாக உதிரும். கோடை வெயிலிலும் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். கடைசியில் பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு, ஈரப்படுத்திய சுவரில் நான்கைந்து கை. ஒரே கையில் கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக உரியும். இதில் நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பொங்கலுக்கு வெள்ளையடித்த கைகளுக்குத் தெரிந்ததுதான்.

பிறகு ஒரு எச்சரிக்கை. சஃபோக்கிலும் எசெக்ஸிலும் பல வீடுகள் சட்டகம் முழுவதையும் மூடிப் பூசப்பட்டவை. 'மரம் தெரிந்தால்தான் அழகு' என்று பின்னால் வந்தவர்கள் அந்தப் பூச்சை உரித்துவிட்டார்கள். குத்துக்கால்களில் கோடாலியால் கொத்திய சிறு வெட்டுகளும் வரிசையான ஆணித் துளைகளும் இருந்தால், பூச்சு பிடிக்கக் கொத்தியவை அவை. அந்த வீடு ஒருகாலத்தில் மேலாடை போட்டிருந்தது. மழை அடிக்கும் தென்மேற்குச் சுவரில் அதை மீண்டும் போடுவதுதான் மலிவான வைத்தியம். மரத்துக்குக் கறுப்பும் சுவருக்கு வெள்ளையும் அடிக்கும் மோகமும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டினுடையது. ஓக் தானாக வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும், அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. கறுப்புப் பெயிண்டை உரிக்க மணல் வீச்சு முறையைப் பயன்படுத்தினால் பெயிண்டோடு உளித்தடங்களும் தச்சர் எண்களும் போய், மரம் நார் நாராக நிற்கும்.

இப்போது அடிக்கட்டை. தோட்டப் பாத்தி, நடைபாதை, சிமெண்ட் தளம் என்று நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வெளித்தரை உயர்ந்துகொண்டே வரும்; வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கட்டத்தில் அடிக்கட்டை மண்ணைத் தொடும். ஸ்க்ரூடிரைவரால் பல இடங்களில் குத்திப் பாருங்கள். வெளிறு சில மில்லிமீட்டர் பொடியாக இருப்பது சாதாரணம். முனை விரல் நீளம் உள்ளே போனால்தான் வேலை இருக்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேல் நீடித்தால் பூசணம் பிடிக்கும். அதற்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் நின்றுவிடும்.

மரத்தை மாற்றுவதற்கு முன் தண்ணீரை நிறுத்த வேண்டும். மழைநீர்க் குழாய், பிறகு தரைமட்டம். ஆனால் மண்ணை வாரி எடுக்கும் முன் குட்டைச் சுவர் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு சிறு குழி தோண்டிப் பாருங்கள். பல வீடுகளில் அது சில அங்குலம்தான். வடிகால் போடுகிறேன் என்று சுவரை ஒட்டி நீளப் பள்ளம் வெட்டி, அடித்தளத்தையே சரித்தவர்கள் உண்டு.

அடிக்கட்டை முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. அருகிலுள்ள தூணையும் விட்டத்தையும், பாரம் பரவ அடியில் பலகை போட்டு, முட்டுக் கம்பங்களில் நிறுத்துங்கள். ஜாக்கியைப் பாரம் ஏறும் வரை மட்டும் திருகுங்கள், நிமிர்த்துவது நோக்கமல்ல. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் துண்டாக மாற்றுவது பாதுகாப்பு. புதுக்கட்டையை மேலிருந்து இறக்க முடியாது, பக்கவாட்டில்தான் நுழைக்க முடியும். குத்துக்கால்களின் கழுந்துகள் குறுக்கே நிற்கும். ஆகவே உள்பக்கம் திறந்த துளைகளாக வெட்டி, நுழைத்த பிறகு திறந்த பக்கத்தை ஓக் துண்டால் அடைப்பார்கள். கழுந்து மக்கிப் போயிருந்தால் தனிக் கழுந்து செருகுவார்கள். சுண்ணாம்புக் கலவையின் மேல் உட்காரவைக்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தால், மேலிருந்து இறங்கும் நீர் அந்தத் தாளின் மேலேயே நின்று புதுக்கட்டையைத் தின்னும்.

தூணின் பாதம் மட்டும் போயிருந்தால் நல்ல மரம் வரும் வரை அறுத்து, புது ஓக்கை ஒட்டுப்போட வேண்டும். ஒட்டின் நீளம் தூணின் கனத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். வெளியே தெரியும் வெட்டுமுகம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்தால் அதுவே தண்ணீர்த் தொட்டி. எப்பாக்ஸி ஊற்றி அடைத்துத் தருகிறேன் என்பவரை வெளிச்சுவருக்கு விட வேண்டாம். பிசின் சுருங்காது, மரம் சுருங்கும், இடையில் ஈரம் நிற்கும்.

வண்டுகளைப் பற்றி விற்பவர்களைவிட மருந்தடிப்பவர்கள்தான் அதிகம் பயமுறுத்துவார்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் துளை என்றால் சாதாரண உளுப்பு வண்டு, வெளிறோடு நின்றுவிடும். சுமார் மூன்று மில்லிமீட்டர் துளையும், கீழே சிறு பன் வடிவக் கழிவும் இருந்தால் டெத்வாட்ச் வண்டு. அது ஈரமும் பூசணமும் இருக்கும் இடத்தில், மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குள்ளும் பல ஆண்டுகள் வாழும். மேலே தெளிக்கும் மருந்து அந்த ஆழத்துக்குப் போவதில்லை. துளைகள் பழையவையா என்று அறிய, குளிர்காலம் முடிவதற்குள் மெல்லிய காகிதத்தை அவற்றின் மேல் ஒட்டிவிடுங்கள். வண்டுகள் வசந்தத்திலும் கோடையிலும் வெளிவரும். கோடை முடிந்ததும் காகிதத்தில் புதிய ஓட்டை இல்லாவிட்டால் மருந்துக்குக் காசு வேண்டாம். ஓட்டை இருந்தால் அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

வைக்கோல் கூரையென்றால் புகைபோக்கிதான் முதல் கவலை. முகட்டுக்கு மேல் 1.8 மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. ஆண்டுக்கு இரு முறை துப்புரவு செய்ய வேண்டும். ஈர விறகு எரிக்கக் கூடாது.

பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கிய அதன் முதல் கட்டடம், சசெக்ஸின் ஆல்ஃபிரிஸ்டன் கிளர்ஜி ஹவுஸ், இதே வகை 14ஆம் நூற்றாண்டு வைக்கோல் கூரை வீடுதான். அங்கே கூடத்தின் தரை, சுண்ணப்பாறையைப் பொடித்து இடித்துப் புளித்த பாலால் மெழுகியது. அந்த விலையெல்லாம் போய்விட்டது. செலவு மட்டும் இருக்கிறது. வரலாற்றுக் கட்டடம் என்று பாதுகாப்புப் பட்டியலிலுள்ள வீட்டில் பழுதுபார்க்க வரிச்சலுகை கிடையாது, 20 சதவிகித வாட் வரி உண்டு. அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு இருந்த விலக்கும் 2012 அக்டோபரில் போய்விட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிலுள்ள வீட்டின் தன்மையைப் பாதிக்கும் வேலையை, உள்ளே செய்தாலும், உள்ளாட்சியின் ஒப்புதல் இல்லாமல் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி விட்டத்தை அறுத்திருந்தால் குற்ற வழக்கு அறுத்தவர் மேல்தான். ஆனால் சரிசெய்யச் சொல்லும் ஆணை இன்றைய உரிமையாளருக்கு வரும், அதற்குக் காலக்கெடு இல்லை. மண்சுவரை இடித்துச் செங்கல் அடைத்த சட்டங்கள், பிளாஸ்டிக் சன்னல், அறுத்த விட்டம், இவை கண்ணில் பட்டால் அவற்றுக்கான ஒப்புதல் கடிதங்களை ஒப்பந்தம் கைமாறும் முன்பே வழக்கறிஞர் வழியாகக் கேட்டு வாங்குங்கள். கடிதம் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.